உம் கொட்டுவதும் ஒரு கலைதான்: டி.எஸ். பாலையாவை முன்வைத்துச் சில சொற்கள்

கோலார் தங்கவயலின் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்குவது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. சென்ற ஆண்டு எழுத்தாக்கிய ஒரு பதிவில், பெரியவர் ஒருவர் நிலத்தடியில் நேர்ந்த ஏர் பிளாஸ்ட் ஒன்றைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார். வாசற்படியில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி இடையிடையே உம் கொட்டுகிறார். இருமுறை ஷிப்டைத் திருத்துகிறார். ஓரிடத்தில் மூச்சை மட்டும் இழுத்துவிடுகிறார். அவற்றையெல்லாம் ‘இடையீடு’ என்று கருதி நீக்கிவிட்டேன். பேச்சாளர் ஒருவரே என்பது என் எண்ணம். அது பிழை என்பதை நான் உணர்ந்தது ஒரு திரைப்படக் காட்சியால்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை அறியாதவர் நம்மில் அரிது. திரைப்பட வெறி கொண்ட மகன், தான் எடுக்கவிருக்கும் பேய்ப்படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்கிறான். சொற்கள் ஏறக்குறைய முழுவதும் நாகேஷுடையவை. தந்தையாக வரும் பாலையாவுக்கு எஞ்சுவது கண்கள், தொண்டை, நாற்காலியின் விளிம்பு. எஸ்டேட் முதலாளிக்குரிய அலட்சியத்தோடு தொடங்கும் அம்முகம், படிப்படியாக இருட்டுக்கு அஞ்சும் சிறுவனின் முகமாகிறது. காட்சியை ஒலியாக மட்டும் கேட்டுப் பாருங்கள். கதை இருக்கும், அச்சம் பாதியாகும். அந்த அச்சம் கேட்பவரிடம்தான் பிறக்கிறது. 1966இல் இப்படம் இந்தியில் ‘பியார் கியே ஜா’ ஆனபோது அதே காட்சியை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்தனர். உரையாடலை மொழிபெயர்த்துவிடலாம், கேட்டலை இன்னொரு நடிகர் புதிதாகத்தான் நிகழ்த்த வேண்டியிருந்தது.

1914இல் பிறந்து 1972இல் மறைந்த பாலையாவின் திரைவாழ்வு, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் (1936) தொடங்கியது. எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அதன்பின் நெடுங்காலம் அவர் தமிழ்த் திரையின் முதன்மையான வில்லன். ‘மதுரை வீரன்’ (1956) நரசப்பன் வரை அந்த வரிசை நீள்கிறது. அறுபதுகளில் அவருக்கு வாய்த்த வேடங்களே அவரை நிலைநிறுத்தின. அவற்றுள் மூன்றில் ஓர் ஒற்றுமையைக் காண்கிறேன்.

ஒன்று, மேற்சொன்ன தந்தை. இரண்டாவது, ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் அவையை அடக்கி ஆள்பவர், இரவில் திண்ணையிலிருந்து எழும் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டே தோற்கிறார். போட்டி நடக்கவே இல்லை. கேட்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரால் தோற்க முடிந்தது. இசையறியாத செருக்கனாக இருந்திருந்தால் மறுநாள் அவைக்கு வந்திருப்பார். மூன்றாவது, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில் வித்துவான் முத்துராக்கு. நாயனக்காரரின் மூச்சுக்குக் காது கொடுத்து, எங்கே நிறுத்துவார், எங்கே விரைவார் என்று முன்னுணர்வதே தவில்காரரின் தொழில். சண்முகசுந்தரத்தின் கோபம் எப்போது வெடிக்கும் என்று அறிந்து நடப்பதும் முத்துராக்குவுக்கு அதே தொழிலின் நீட்சிதான்.

கதைத்தலைவன் பேசுகிறான், அவன் பேச்சுக்கு எடை தருபவர் கேட்கும் நடிகர். ‘குணச்சித்திர நடிகர்’ என்ற சொல் இதைச் சொல்லவில்லை. ‘துணை நடிகர்’ என்பது தாழ்த்தியே சொல்கிறது. ‘பக்கவாத்தியம்’ என்னும் இசைச்சொல் உண்மைக்கு அருகில் வருகிறது. பக்கவாத்தியம் இல்லாத கச்சேரியை யாரும் முழுக்கச்சேரி என்று கொள்வதில்லை.

தமிழ்த் திரைப்பட ஆய்வு இந்தப் பக்கத்தைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பது என் கருத்து. சிவத்தம்பியின் 1981ஆம் ஆண்டு நூலும், எம்.ஜி.ஆர். குறித்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூலும் திரையை அரசியலோடு இணைத்து வாசிக்கக் கற்றுத்தந்தன. அந்தக் கடன் பெரிது. ஆனால் அவ்வழியில் வந்த நாம், திரையில் யார் பேசினார், என்ன பேசினார் என்பதையே மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாலையாவைப் பற்றிய பேச்சோ நினைவேக்கக் குறிப்புகளோடு நின்றுவிடுகிறது. ரசிகர்கள் அவரை மறக்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். விரும்பி நினைவுகூர்வது வேறு, ஆய்வுப் பொருளாகக் கொள்வது வேறு.

மொழியியலாளர்களும் தப்ப முடியாது. உரையாடலில் கேட்பவர் எழுப்பும் சிற்றொலிகளுக்கு விக்டர் இங்வே 1970இல்தான் ஒரு கலைச்சொல் தந்தார். நம் வீடுகளில் அதற்கு முன்பே ‘உம் கொட்டுதல்’ இருந்தது. உம் கொட்ட ஆளில்லாவிட்டால் கதையை நிறுத்திவிடும் பாட்டிகள் அதன் இலக்கணத்தை அறிந்திருந்தனர். சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே நான் அந்த ஒலிகளை அழித்தேன் என்பதுதான் வெட்கம்.

இதில் என் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலத்தடியில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்களுடைய சொற்களைச் சேகரிக்கவே நேரம் போதவில்லை. அச்சொற்களை ஆயிரம் முறை கேட்டு, உம் கொட்டி, திருத்தி, அவை சிதையாமல் காத்தவர்கள் வாசற்படிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டு நான் அளிக்கும் எழுத்தாக்கம், பாலையா இல்லாத அந்தக் காட்சியைப் போன்றதே.

அந்தப் பதிவை மீண்டும் முதலிலிருந்து எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறேன். இம்முறை அதில் பேச்சாளர் இருவர். வாய்மொழிப் பதிவுகளோடு பணியாற்றும் நண்பர்கள் தத்தம் கோப்புகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன்.