பையில் கிடந்த மண்

போன வாரம் பழைய நண்பர் ஒருவரின் மகள் போன் செய்தாள். காட்டு மண்ணில் ஆராய்ச்சி செய்கிறாள். "அங்கிள், ஒரே குழியில் எடுத்த மண்ணைப் பாதிப் பாதியாக இரண்டு லேபுக்குக் கொடுத்தேன். நைட்ரேட் அளவு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்திருக்கிறது. எந்த லேப் தப்பு?" என்று கேட்டாள்.

"லேபை விடும்மா. கொடுக்கும்வரை மண் எங்கே இருந்தது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒரு பாதி மறுநாளே போய்விட்டது. இன்னொரு பாதி ஹாஸ்டலில் கட்டிலுக்குக் கீழே 12 நாள் பாலிதீன் பையில் இருந்திருக்கிறது.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. 1980-களில் நீலகிரியில் ஒரு சோலைக்காட்டு மண்ணையும், பக்கத்திலிருந்த சீகைத் தோட்டத்து மண்ணையும் ஒப்பிட்டோம். சீகை மண் மறுநாளே லேபுக்கு வந்தது. சோலை மண் மழையில் மாட்டிக்கொண்டு, ஈரத்தோடு மூன்று வாரம் முகாமில் கிடந்தது. சோலையில் நைட்ரேட் பல மடங்கு அதிகம் என்று முடிவு வந்தது. சீகையோ வேரில் நைட்ரஜனைச் சேர்க்கும் மரம். அதைவிட சோலையில் ஏன் அதிகம் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் அதற்கு ஒரு அழகான காரணம் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதினோம். கையெழுத்து என்னுடையது. அடுத்த வருடம் இரண்டு மண்ணையும் ஒரே நாளில் எடுத்து உடனே சோதித்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதற்குள் பழைய அறிக்கை எந்தெந்த மேஜைக்குப் போயிற்றோ!

நடப்பது இதுதான். ஈரமண் உயிருள்ளது. பைக்குள் போன பிறகும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை. மட்கிலிருந்து அம்மோனியம், அதிலிருந்து நைட்ரேட் என்று மாற்றிக்கொண்டே இருக்கும். காட்டில் அதை உடனுக்குடன் உறிஞ்ச வேர் உண்டு. பையில் யார் இருக்கிறார்கள்? சேர்ந்துகொண்டே போகும். பை இறுக்கமாகக் கட்டியிருந்து காற்றும் தீர்ந்துவிட்டால் கதை தலைகீழ்: இருக்கிற நைட்ரேட்டும் வாயுவாகிப் போய்விடும். ஆகவே "இத்தனை நாள் தாமதம், இவ்வளவு கழித்துக்கொள்ளலாம்" என்று கணக்குப் போடவும் வழியில்லை.

சரி, உலர்த்திவிட்டால்? நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பதுதான் எல்லோரும் படித்த பாடம். அது வயல் மண்ணுக்குப் பொருந்தும். கோடைதோறும் எப்படியும் காய்கிற மண். வருடம் முழுக்க ஈரத்தில் ஊறிய சோலை மண்ணை உலர்த்தினால் அதன் குணமே மாறும். கரையும் கார்பன் கூடும், மாங்கனீசு கூடும், பி.எச். இறங்கவும் செய்யும். காய்ந்த மண்ணை மறுபடி நனைத்தால் நுண்ணுயிர்கள் பொங்கி எழும் என்பதை ஆப்பிரிக்க மண்ணில் ஆராய்ந்து பர்ச் என்பவர் 1958-லேயே எழுதிவிட்டார். 'பர்ச் விளைவு' என்றே அதற்குப் பெயர்.

எல்லாச் சோதனைக்கும் இந்தப் பதற்றம் வேண்டியதில்லை. மணல், களி விகிதமும் மொத்த நைட்ரஜனும் நாலு நாளில் பெரிதாக மாறிவிடாது. ஆனால் கார்பனுக்கு வேறு தொல்லை உண்டு. மேலே கிடக்கும் இலைமட்கை ஒருவர் சுரண்டிவிட்டு எடுப்பார், இன்னொருவர் அப்படியே அள்ளுவார். மயிர் வேர்களைப் பொறுக்காமல் அரைத்தால் அதுவும் மண் கார்பன் கணக்கில் ஏறிவிடும். காலி யூரியா சாக்கில் மண் கொண்டுவந்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன்! அந்த மண்ணில் நைட்ரஜனைச் சோதித்து என்ன பயன்?

என் வாதம் சின்னதுதான். அறிக்கையில் 'வாக்லி-பிளாக் முறை', 'கெல்டால் முறை' என்று போடுகிறோம் அல்லவா? அதே வரியில், மண் எடுத்த தேதி, சோதித்த தேதி, நடுவில் எங்கே எப்படி இருந்தது, எந்தச் சல்லடை என்றும் போட வேண்டும். இவை இல்லாத நைட்ரேட் எண்ணை வைத்து எந்தக் காட்டைப் பற்றியும் யாரும் முடிவெடுக்கக் கூடாது. காட்டுக்குள் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது என்பார்கள். நியாயம்தான். பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிரப்பிய பாட்டில்களைக் கையோடு கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே மண்ணை எடைபோட்டு உள்ளே போடலாம். அதுவும் முடியாவிட்டால், ஒப்பிடும் மண் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாவது நடத்தலாம்.

அவள் மழைக்கு முன் மறுபடி போகிறாளாம். பரணில் என் பழைய ஐஸ் பெட்டி இருக்கிறது. கைப்பிடி உடைந்தது, மூடி நன்றாகத்தான் இருக்கிறது. வந்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.