தாளக் கணக்கும் துரங்கலீலாவும்

மார்கழித் திங்களில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலையை நாடி எழுவோர் ஒருசாரார். எஞ்சியோரில் பலர் தொடையில் தாளமிட்டு, கோர்வை சமத்தில் வந்து பொருந்துகிறதா எனப் பார்ப்பர். ஆக, தாளக் கணக்கு இந்நகரில் புறக்கணிக்கப்படுகிறது. அன்றேல் தணிக்கை செய்யப்படுகிறது. அதனை இசையாகவே கேட்போர் மிகச் சிலர் என்பது என் கருத்து.

அவ்வாறு கேட்ட ஒருவர் பாரிசில் இருந்தார். அவர் ஒலிவியே மெசியான். தேவகிரி யாதவ மன்னர் சிங்கணரின் கணக்குத் துறைத் தலைவராக விளங்கிய சாரங்கதேவர், 13ஆம் நூற்றாண்டில் ‘சங்கீத ரத்னாகரம்’ இயற்றினார். அதிலுள்ள 120 தேசித் தாளங்களின் பட்டியலைப் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்ட மெசியான், அவற்றைத் தம் படைப்புகளில் ஆண்டார். 1946 முதல் 1948 வரை அவர் எழுதிய ‘துரங்கலீலா சிம்பொனி’, 1949 டிசம்பர் 2இல் பாஸ்டன் நகரில் அரங்கேறியது. பத்துப் பகுதிகள்; பெயரோ வடமொழி. அதே ஆண்டுகளில்தான் அந்நூலை எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பிக்க, அடையாறு நூலகம் 1943 முதல் ஈருரைகளுடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்தது.

சாரங்கதேவர் கணக்கரே அல்லரோ? ஏழு சுரங்களை 5,040 வகையாக அடுக்கலாம் என்பதோடு அவர் நிற்கவில்லை. ஆயிரமாவது அடுக்கு யாது என, முந்தியவற்றை எழுதிப் பாராமலே கூறும் ‘நஷ்டம்’, கொடுத்த அடுக்கு எத்தனையாவது எனக் கூறும் ‘உத்திஷ்டம்’ ஆகிய இரு முறைகளையும் விளக்கினார். அவர் தரும் தேங்கி தாளம் குரு, இலகு, குரு என்பது. இரண்டு, ஒன்று, இரண்டு. முன்னிருந்து எண்ணினும் பின்னிருந்து எண்ணினும் அதுவே. ஞானசம்பந்தரின் மாலைமாற்றைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. மெசியானுக்கோ இத்தகைய தாளங்கள் வாழ்நாள் வியப்பாயின. துரங்கலீலாவில் ஒரு தாளம் வளர, ஒன்று தேய, மற்றொன்று மாறாது நிற்கும். மூவர் நடிக்கும் நாடகம்போல.

நம் செல்வத்தை அயலார் கவர்ந்தார் எனச் சினப்பதில் பொருளில்லை. அவர் எடுத்தது எலும்புக்கூடு மட்டுமே. ஆவர்த்தமாகச் சுழலும் தாளத்தை அவர் வெறும் கால அளவுகளின் வரிசையாக்கினார். மயிலை இரசிகர் தொடையில் தட்டிப் பார்த்தால் கை தடுமாறும்! சில இடங்களில் பேரோசை செவியை வருத்துவதும் உண்மை. ஆயினும் எண்ணுக்குள் ஓர் உணர்ச்சி உண்டென அவர் நம்பினார். நாம் அதனை வித்துவானின் திறமைக்குச் சான்றாக மட்டும் வைத்துள்ளோம்.

இடைக்காலக் கல்வியில் இப்பிளவு இல்லை. பத்தாம் நூற்றாண்டின் அல்-பாராபி, அறிவியல்களை வகுத்தபோது இசையைக் கணிதத்துள் வைத்தார். இன்று நம் கல்லூரிகளில் தமிழ்த்துறை ஒரு மாடியில், கணிதத்துறை வேறொரு மாடியில். யாப்பு கற்பிப்போரும் எண்ணியல் கற்பிப்போரும் ஓராண்டேனும் ஒரே மேசையில் அமர்ந்து சாரங்கதேவரின் தாள இயலைப் படிக்கட்டும். சபாக்களும் மார்கழியில் ஒரு மாலையை, அதிலிருந்து பிறக்கும் புதிய பல்லியத்திற்கு ஒதுக்கட்டும்; தனியாவர்த்தனத்தின்போது சிற்றுண்டிச்சாலையை மூடியும் வைக்கலாம்.