இரண்டு சம்பளப் பட்டியல், ஒரே கருவி

பாரிஸுக்குத் தெற்கே பலேசோ என்ற ஊரில், ஒளியலைக் கொள்கைக்குப் பெயர்போன ஃபிரெனெலின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தாலெஸ் என்ற மின்னணு, பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் வளாகத்துக்குள் ஓர் இயற்பியல் ஆய்வகம் நடக்கிறது. அங்கே சிலருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். சிலர் பிரெஞ்சு அரசின் ஆய்வு அமைப்பான சிஎன்ஆர்எஸ்ஸின் ஊழியர்கள். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். 1995-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் ஃபெர்ட்டின் பெயரைத்தான் இப்போது அந்த ஆய்வகத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

குவாண்டம், ஒளியைக் கையாளும் ஃபோட்டானிக்ஸ் என்று நம் நாட்டிலும் அரசும் தொழில் துறையும் கைகோத்து ஆய்வு நடத்தத் தொடங்கியிருக்கும் நேரம் இது. கைகோப்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு, அந்த ஆய்வகம் பிறப்பதற்கு முன்பு நடந்த கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எலெக்ட்ரானின் தற்சுழற்சி, காந்தப் பொருள்களில் மின்னோட்டத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது 1970-இலேயே ஃபெர்ட்டின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அதன் அடுத்த படிக்குச் சில அணுக்கள் தடிமனே உள்ள உலோகப் படலங்கள் தேவைப்பட்டன. அவற்றை அன்றைக்கு யாராலும் செய்ய முடியவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்தக் கேள்வி காத்துக் கிடந்தது. எண்பதுகளின் நடுவில், ஓர்சேயில் அவருடைய பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த தாம்சன்-சிஎஸ்எஃப் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு அந்தத் திறமை வாய்த்திருந்தது. அந்த நிறுவனம்தான் பின்னாளில் தாலெஸ் ஆனது. அங்கே அலைன் ஃபிரெடெரிக்கின் குழு, மூலக்கூற்றுக் கற்றை முறையில் படலம் வளர்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கருவியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கலம். அதன் வாய்கள் ஒவ்வொன்றிலும் செம்பு வளையம் வைத்து போல்ட் முறுக்கியிருக்கும். ஒருமுறை திறந்தால் அந்த வளையம் வீண். புதிதுதான் போட வேண்டும். கலத்தைத் திறந்து மூடினால், அலுமினியத் தாளைச் சுற்றி நாள்கணக்கில் சூடேற்றி, சுவரில் ஒட்டிய ஈரத்தை விரட்டினால்தான் தேவையான வெற்றிடம் திரும்பக் கிடைக்கும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் விரிசல்கூட வேண்டாம், விரல் ரேகை ஒன்று பட்டிருந்தாலே போதும், அந்த வாரம் போய்விடும். இப்படிப்பட்ட கலத்தில் 3 நானோமீட்டர் இரும்பு, அதன்மேல் 0.9 நானோமீட்டர் குரோமியம் என்று அறுபது முறை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கடும் குளிரில் காந்தப்புலத்தைக் கூட்டியபோது அந்த அடுக்கின் மின்தடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1988-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்காக 2007-இல் ஃபெர்ட்டுக்கு நோபல் கிடைத்தது. கேள்வி பல்கலைக்கழகத்துடையது, கை நிறுவனத்துடையது. ஒன்று இல்லாமல் மற்றொன்று இந்த இடத்துக்கு வந்திருக்காது.

கதையின் மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் யூலிஷ் அரசு ஆய்வு மையத்தில் பீட்டர் குரூன்பெர்க் இதே விளைவைத் தனியாகக் கண்டார். அவர் அளந்த மாற்றம் ஒன்றரை சதவீதம்தான். ஆனால், கட்டுரை வெளிவரும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். நோபலை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். காப்புரிமைக் கட்டணம் யூலிஷுக்குப் போனது. 1997-இல் இந்த விளைவைக் கொண்டு ஹார்டு டிஸ்க்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஐபிஎம். பெரிய விளைவைக் கண்டவர்களின் நாட்டுக்கு அந்தச் சந்தை வாய்க்கவில்லை. யாருக்கு எந்த உரிமை என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே எழுதிவைக்காவிட்டால், நல்லெண்ணத்தால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது.

நம்மிடம் இப்போது பணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2030-31 வரை ரூ.6,003.65 கோடி. அதன் நான்கு மையங்களில் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடி, அரசின் சி-டாட் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்துவது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதிக்கும் இசைவு தந்தது. தனியார் துறை ஆய்வில் இறங்க நீண்ட காலக் கடன் தருவது அதன் நோக்கம். வரவேற்கிறேன். ஆனால், அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கான பணம். 1985-இல் ஃபெர்ட்டின் கையில் இருந்ததைப் போன்ற வெறும் கேள்விக்கு அந்தக் கதவு திறக்காது. அந்தப் பொறுமைக்கான செலவை அரசுதான் ஏற்க வேண்டும். நாட்டு வருமானத்தில் ஆய்வுக்கு நாம் செலவிடுவது 0.64 சதவீதம் என்ற நிலையில், இதை இன்னும் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

ஃபோட்டானிக்ஸில் இந்தக் கூட்டு ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு ஒரே ஓர் இணைப்பைப் பார்த்தால் போதும். சிலிக்கன் சில்லுக்குள் ஒளி ஓடும் பாதை அரை மைக்ரான் அகலம். அதற்கு ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழையின் உள்தண்டு ஒன்பது மைக்ரான். அதிர்வு தாங்கும் மேசையில், குளிரூட்டிய அறையில், ஒரு மாணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பி இரண்டையும் நேர்ப்படுத்திவிடலாம். கட்டுரை எழுத அது போதும். அதே இணைப்பைப் பசை போட்டு ஒட்டி, சென்னையின் மே மாத வெயிலிலும் கடற்காற்றின் ஈரத்திலும் பத்து ஆண்டு நகராமல் வைத்திருப்பது வேறு கலை. சாதாரணத் தொலைத்தொடர்பில் வழியில் ஒளி குறைந்தால் பெருக்கிக்கொள்ளலாம். குவாண்டம் தகவல்தொடர்பில் ஒற்றை ஒளித்துகளைப் படியெடுக்க இயற்கையே அனுமதிப்பதில்லை. இணைப்பில் தொலைந்தால் தொலைந்ததுதான். அதாவது, ஒட்டுவதும் இங்கே இயற்பியல்தான். அதை முடிந்துபோன ஆய்வின் வால் என்று நினைத்து, கடைசியில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் பொறியாளர் அந்த மேசை அருகே நிற்க வேண்டும்.

என்னை உறுத்துவது மனிதர்கள் பற்றிய கவலை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் படலம் வளர்க்கும் கலம் ஒன்றைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தது. கருவி வாங்கத் திட்ட நிதி இருந்திருக்கிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. அதைவிட, அந்தக் கலத்தின் குணம் அறிந்த திட்ட உதவியாளருக்கு ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. எந்த வால்வு எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. நம் திட்டங்கள் கருவியை மூலதனமாகவும் அதை இயக்கும் மனிதரைத் தற்காலிகச் செலவாகவும் கணக்கெழுதுகின்றன. பலேசோ ஆய்வகத்தில் அரசு ஆய்வாளர்கள் நிரந்தரப் பணியாளர்கள். திட்டங்கள் வந்து போகும், அவர்கள் இருப்பார்கள். நிறுவனம் அவர்களை நம்பி இடம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, குவாண்டம் மையங்களிடம் எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று கேட்பதை நிறுத்திவிட்டு மூன்றைக் கேட்கலாம். நிறுவனத்தின் ஆள் வாரத்தில் எத்தனை நாள் ஆய்வகத்தில் இருக்கிறார்? காப்புரிமை விண்ணப்பம் போனபின் மாணவர் தன் கட்டுரையை எத்தனை நாளில் வெளியிடலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? 2031 மார்ச்சில் இயக்கத்தின் காலம் முடிந்த மறுநாள், அந்தக் கலத்துக்குப் புதிய செம்பு வளையம் மாட்ட யார் பணியில் இருப்பார்?