பத்து வரியில் ஒரு கிரகம்

லீவு நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, சூரியனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிரகத்தைச் சுற்றவிட்டிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களும் உட்காருங்கள்.

செலஸ்டியா என்று ஓர் இலவச மென்பொருள். கிரிஸ் லாரல் என்பவர் 2001-ல் வெளியிட்டது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்து சொன்ன ஒரு லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்கள் அதில் இருக்கின்றன. அவை போதாது என்பவர்கள் சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நோட்பேடில் கிரகத்தின் பெயர், அது எதைச் சுற்றுகிறது, ஆரம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம் என்று பத்து வரி எழுத வேண்டும். பெயரின் கடைசியில் ‘எஸ்எஸ்சி’ வருகிற மாதிரி சேமித்து, எக்ஸ்ட்ராஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் கிரகம் தயார். நட்சத்திரம் வேண்டுமென்றால் ‘எஸ்டிசி’. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சூரியனைச் சுற்றுவதற்குக் காலத்தை ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும், கிரகத்தைச் சுற்றும் நிலாவுக்கு நாள்கணக்கில்.

எந்தக் கிரகத்தைச் சேர்ப்பது? வல்கனில் தொடங்கலாம். இல்லாத கிரகங்களில் அதற்குத்தான் நல்ல சரித்திரம் இருக்கிறது.

பிரான்ஸின் லெவெரியே, யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்தே நெப்டியூன் எங்கே இருக்கும் என்று 1846-ல் காகிதத்தில் கணக்குப் போட்டார். பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். ஒரு பாகைகூடத் தள்ளியில்லாமல் அங்கேயே இருந்தது. அந்தத் தைரியத்தில் அடுத்து புதனிடம் வந்தார். புதன் சூரியனை மிக நெருங்கும் இடம், கணக்கைவிடக் கூடுதலாக நகர்ந்துகொண்டிருந்தது. நூறு ஆண்டுக்கு ஒரு பாகையில் எண்பதில் ஒரு பங்குகூடத் தேறாத பிசகு. உள்ளே வேறொரு கிரகம் இருந்து இழுக்கிறது என்றார். ஒரு கிராமத்து டாக்டர் லெஸ்கர்போ, 1859 மார்ச் 26 அன்று சூரியன்மீது ஒரு கரும்புள்ளி கடந்ததைத் தாம் பார்த்ததாக எழுதினார். (மனிதர் கணக்குகளை மரப்பலகையில் எழுதி, முடிந்ததும் இழைப்புளியால் சீவிவிடுவாராம்.) லெவெரியே நேரிலேயே போய் விசாரித்து நம்பினார். டாக்டருக்கு அரசு விருதும் கிடைத்தது.

லெவெரியே சொன்ன அளவு: சூரியனிலிருந்து சுமார் 2.1 கோடி கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 19 நாள் 17 மணி. பூமியின் தூரத்தை 1 என்று வைத்தால் இது 0.1427. இதை மும்முறை பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 0.0539 ஆண்டு, அதாவது 19.7 நாள் வரும். கெப்ளர் விதி கச்சிதமாகப் பொருந்துகிறது. கணக்கில் குற்றமே இல்லை. கிரகம்தான் இல்லை.

இந்த எண்களைக் கொடுத்து, வல்கனில் இறங்கிச் சூரியனைப் பாருங்கள். நாம் பார்ப்பதைவிட ஏழு மடங்கு அகலம்; வெப்பம் 49 மடங்கு.

அப்படியே புதனையும் ஒரு பார்வை பாருங்கள். அது அசையாது! செலஸ்டியா ஈர்ப்புவிசையைக் கணக்கிடுவதில்லை. எழுதிக்கொடுத்த பாதையில் ஓட்டுவதோடு சரி. 19 நாளுக்குப் பதில் 19 ஆண்டு என்று போட்டாலும் மறுபேச்சு பேசாது. இரண்டு கிரகங்கள் மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். புதனை நகர்த்துவதற்கென்றே கற்பனை செய்யப்பட்ட வல்கன், இங்கே அந்த ஒரு வேலையை மட்டும் செய்யாது. இழுபறியையும் பார்க்க விரும்பினால், காசு கொடுத்து வாங்கும் யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது.

லெவெரியே 1877-ல் காலமாகும்வரை வல்கன் இருப்பதாகவே நம்பினார். புதனின் பிசகுக்குக் கிரகம் எதுவும் தேவையில்லை என்பது, 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புவிசையையே வேறு விதமாக எழுதியபோதுதான் தெரிந்தது.

இப்போது அதே பந்தயம் வெளிப்புறத்தில் நடக்கிறது. நெப்டியூனுக்கு வெகு அப்பால் ஒன்பதாவதாக ஒரு பெரிய கிரகம் இருக்கலாம் என்று கால்டெக்கின் பாட்டிகினும் பிரவுனும் 2016-ல் கணக்கோடு சொன்னார்கள். இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் பிள்ளையின் ஃபைலில் அதற்கும் பத்து வரி ஒதுக்கலாம். பூமியைப்போல 400 மடங்கு தூரம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 8,000 ஆண்டு. அங்கிருந்து பார்த்தால் சூரியன் வெறும் புள்ளி. ஆனாலும் நம் பௌர்ணமி நிலவைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம்.