பருவநிலைப் பாடம் வயலிலிருந்து தொடங்கட்டும்

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் புவி வெப்பமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். பெய்தால் பெருமழையாகக் கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மாற்றத்தால் முதலில் அடிபடுபவர் சிறு விவசாயி. அவருடைய பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியில் இதைப் பற்றி என்ன கற்றுத் தருகிறோம் என்பதே நம் கேள்வி.

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. பாடமும் வந்துவிட்டது. பசுமை இல்ல வாயுக்கள் யாவை என்று கேட்டால் மாணவன் பட்டியலை ஒப்பிக்கிறான். துருவப் பனி உருகுவதும், ஆலைப் புகை எழும்புவதும் அவனுக்குத் தெரியும். சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நட்டு, படம் வரைந்து பரிசும் வாங்குகிறான். ஆனால் தன் வீட்டு நெல் வயலுக்கும், மோட்டாருக்கும், யூரியா மூட்டைக்கும் இந்தப் பாடத்தோடு என்ன தொடர்பு என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

இந்தப் பாடத்தைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் நிலத்தின் கணக்கைக் கொண்டே நடத்த வேண்டும் என்பது நம் கருத்து. இதற்குப் புதிய புத்தகம் தேவையில்லை. இப்போது நடத்தும் அறிவியல் பாடமே போதும்.

டீசல் கணக்கு

ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதில் உள்ள கரி சுமார் 720 கிராம். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ 2.6 கிலோவுக்கு மேல். எடை எப்படிக் கூடியது? கரியின் அணு நிறை 12. அது காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 44 ஆகிறது. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு இது சாதாரணக் கணக்கு. ஐந்து குதிரைத்திறன் டீசல் என்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும் என்றால், பத்து மணி நேரப் பாசனத்துக்கு எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு ரூபாய் என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். வாய்க்காலில் நீர்க்கசிவைத் தடுத்தால் இரண்டும் சேர்ந்து குறையும் என்பதையும் அவனே சொல்வான்.

நெல்லும் யூரியாவும்

நெல் வயலில் நீர் தேங்கியிருக்கும்போது மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

இதைக் குறைக்கும் முறை எளியது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் புதைக்க வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் தருணத்திலும் மட்டும் நீர் நிற்க வேண்டும். சரியாகச் செய்தால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும். பாசன நீரும் மிச்சமாகும்; விளைச்சல் குறைவதில்லை. பம்புசெட் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. முறை வைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில் இது எளிதல்ல என்பதையும் மாணவன் அறிய வேண்டும். தினமும் காலையில் குழாய்க்குள் அளவுகோலை விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வருவதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

யூரியாவுக்கு வருவோம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று அதிகம். மக்காச்சோளம், பருத்தி போன்ற பயிர்களில் இதில் நூறில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகப் போகிறது என்பது பொதுவான கணிப்பு. பார்வைக்கு இது சொற்பமே. ஆனால் அந்த வாயு கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு கடுமையானது. எனவே மூட்டைக்கு ஏறத்தாழ 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகிறது. இதைவிடப் பெரும்பங்கு தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகியும், நீரில் கரைந்தும் வீணாகிறது. மண் பரிசோதனைப்படி அளவறிந்து, பிரித்து இடுவது இந்த எல்லா இழப்புகளையும் குறைக்கும்.

குற்றவாளி யார்?

"ஊரைக் கெடுப்பது ஆலையும் காரும்; பழி மட்டும் விவசாயிக்கா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் பாடத்திலேயே பதில் இருக்க வேண்டும். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் ஓர் இந்தியர் பங்குக்கு வெளியாகும் கரியமில வாயு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2 டன். ஓர் அமெரிக்கர் பங்குக்குச் சுமார் 14 டன். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் நெல் வயலைப் பற்றி மட்டும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை தன் தகப்பனைக் குற்றவாளியாக நினைப்பான். அது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. செலவையும் நீரையும் மிச்சப்படுத்துவது எதுவோ, அதையே விவசாயி முதலில் செய்ய வேண்டும். வாயு குறைவது அதனோடு சேர்ந்து வரும் பலன்.

கையெழுத்துக்கு முன் கணக்கு

இந்தப் பாடத்துக்கு இப்போது அவசரம் ஏற்பட்டிருக்கிறது. மத்திய அரசு 2023-இல் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் விவசாயத்துக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக்கும் வரையறை வெளியிட்டது. ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான வாயுவைக் குறைத்தால் ஒரு வரவு. அதை வாங்கி விற்கும் நிறுவனங்கள் விவசாயிகளிடம் ஒப்பந்தப் பத்திரத்துடன் வருகின்றன.

எப்போதும் நீர் தேங்கும் ஒரு ஏக்கர் நெல்லில் ஒரு போகத்துக்கு வெளியாகும் மீத்தேன், பொதுக் கணிப்பின்படி, சுமார் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். மண்ணைப் பொறுத்தும் இட்ட எருவைப் பொறுத்தும் இது மாறும். காயவிட்டு நீர் பாய்ச்சினால் சுமார் அரை டன் மிச்சமாகலாம். அதாவது ஏக்கருக்கு அரை வரவு! இந்தக் கணக்கைத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பெரும் பணம் வரும் என்று சொல்பவரிடம் திருப்பிக் கேட்பான்: ஒரு டன்னுக்கு என்ன விலை? அதில் எங்கள் பங்கு எவ்வளவு? அளப்பது யார், அதன் செலவு யாருடையது? எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும்? இடையில் விலகினால் என்ன ஆகும்? நல்ல ஒப்பந்தமாயின் இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் எழுத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கையெழுத்திட வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்குப் பொதுத்தேர்வுச் சுமை இருப்பதை நாம் அறிவோம். எனவே கூடுதல் பாடம் கேட்கவில்லை. வேதியியல் கணக்குக்கு டீசலையும் யூரியாவையும், உயிரியல் பாடத்துக்கு நெல் வயலையும், மண் பாடத்துக்கு வீட்டில் இருக்கும் மண் வள அட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். பள்ளியில் ஒரு மழைமானி வைத்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஏக்கருக்கு 4,000 லிட்டர் தண்ணீர் என்று பிள்ளைகள் உணர்ந்துகொள்வார்கள். ஆண்டுதோறும் அந்தக் குறிப்பைச் சேர்த்து வைத்தால், வானிலை வேறு, பருவநிலை வேறு என்பதும் விளங்கும்.

பொதுத்தேர்வு வினாத்தாளில் இத்தகைய கணக்கு ஒன்று இடம்பெற்றால் எல்லாப் பள்ளிகளிலும் நடத்திவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், பெற்றோர்-ஆசிரியர் கழகத்திலும் விவசாயப் பெற்றோர் இதை வலியுறுத்த வேண்டும். வேளாண்மை உதவி அலுவலரை ஆண்டுக்கு இரு முறையாவது பள்ளிக்கு அழைக்கச் செய்யலாம். கல்வித் துறையும் வேளாண்மைத் துறையும் கூடிப் பேசினால் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிட முடியும். செய்வார்களா?