வடிகாலின்றி ஜிப்சம் இடுதல் வீண்

களர் பூமியில் ஜிப்சம் தூவியும் நிலம் திருந்தவில்லையென்று குடியானவர் பலர் குறைகூறுவதுண்டு. குற்றம் பெரும்பாலும் ஜிப்சத்தினுடையதன்று. உப்புக்கள் நீரில் கரைந்து மீண்டும் படிகமாகும் விதியைக் கருதாமல் வேலை செய்வதே தோல்விக்குக் காரணமாகிறது.

ஒவ்வோர் உப்பும் நீரில் ஓர் எல்லை வரையிலேயே கரையும். ஒரு லிட்டர் நீர் சாதாரண உப்பைச் சுமார் 360 கிராம் ஏற்கும். ஜிப்சத்தையோ சுமார் 2.5 கிராமே ஏற்கும். எல்லையை எட்டிய கரைசலிலிருந்து நீர் மேலும் ஆவியாகுமாயின், உப்பு படிகமாய்ப் பிரிந்து வளரும். புதுநீர் சேருமாயின் படிகம் மறுபடியும் கரையும். தூத்துக்குடி உப்பளங்களில் இதனைக் காணலாம். கடல்நீர் வெயிலில் சுண்டுங்கால் ஜிப்சம் முந்திப் படிகமாகிறது. உணவுப்பு அதன் பின்னரே விளைகிறது.

வயலிலும் இவ்விதியே நடைபெறுகிறது. கோடையில் அடிமண்ணின் ஈரம் மேலேறி ஆவியாக, உடன்வந்த உப்பு வெண்மையாய்ப் பூக்கிறது. மழை பெய்ததும் அப்பூப்பு மறைகிறது. உப்பு தொலைந்ததென்று அப்போது மகிழ்தல் தவறு. கரைந்து இறங்கிய உப்பு வெளியேற வழியில்லாவிடில், மறு கோடையில் அதுவே திரும்பி வரும்.

களர் மண்ணில் களித்துகள்களைப் பற்றியிருக்கும் ஸோடியம், நனைந்தால் மண்ணைச் சேறாய்க் குழைத்தும், காய்ந்தால் இறுகச் செய்தும் நீர் இறங்காமல் தடுக்கிறது. ஜிப்சம் கரைந்து தரும் கால்ஸியம் அந்த ஸோடியத்தைப் பெயர்த்து அவ்விடத்தில் அமர்கிறது. பெயர்ந்த ஸோடியம் எளிதிற் கரையும் சல்பேட் உப்பாகி நீருடன் நிற்கிறது. அந்நீரை வடித்து அகற்றாவிடில் வேலை பாதியில் நின்றதேயாகும்.

நீரின் அளவும் கவனிக்கத்தக்கது. ஓர் ஏக்கரில் ஓரங்குலம் நிற்கும் நீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். மேற்சொன்ன கணக்கின்படி அது ஏறக்குறைய 250 கிலோ ஜிப்சத்தைக் கரைக்கும். ஆகவே ஒரு டன் இடுவோர் நாலங்குல நீரையாவது தேக்குவதற்கு வசதி செய்துகொள்ள வேண்டும். கட்டியைக் காட்டிலும் நன்கு பொடித்த ஜிப்சம் விரைவிற் கரையும்.

வடிகாலுக்கு நிலம் வீணாகிறதென்பது சிலருடைய ஆட்சேபம். கோடைதோறும் உப்புப் பூக்கும் வயல் முழுவதுமே வீணாவதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். ஆயினும் வடிகால் ஒருவர் நிலத்தோடு முடிவதன்று. ஒருவர் வடிக்கும் உப்புநீர் அண்டையார் வயலிலோ பாசன ஏரியிலோ விழுமாயின், தீமை இடம் மாறியதேயன்றி நீங்கியதாகாது. பொது ஓடை வரையில் வடிகால் செல்லுதல் அவசியம். இது தனிக் குடியானவரால் ஆகக்கூடியதன்று. கிராம அதிகாரிகள் அண்டை நிலத்தாரைக் கூட்டி உடன்பாடு செய்வித்தாலன்றி நிறைவேறாது.

முதலில் மண் பரிசோதனையும் வடிகாலும், பின்பு உறுதியான வரப்பு, அதன்பின்னரே ஜிப்சமும் நீரும் என்பதே தக்க முறை. இவ்வரிசையை மாற்றி ஜிப்சத்திற்கு முதலில் பணம் செலவிடுவோர், அப்பணத்தைக் களரிலேயே புதைத்தவராவர்.