மன்னாரில் எல்லைக்கோடு யாருக்காக வளைகிறது?

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் வீதியில், மன்னார்த் தீவுக்கான தாம்போதியை அண்மிக்கையில், களப்பும் உவர்ச் சேற்று வெளியுமாக ஒரு பெருநிலப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. வங்காலைப் பறவைகள் சரணாலயம் அது. 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி 4,839 ஹெக்டேயர் பரப்பு இப்பெயரில் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 ஜூலையில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இலங்கையின் நான்காவது இடமாக அது சேர்க்கப்பட்டது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கும் அந்த வெளி மன்னார் மக்கள் அனைவரதும் சொத்து என்பதில் எமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆயினும், அந்த வர்த்தமானி வெளியான ஆண்டு எத்தகையது என்பதை நாம் மறந்துவிடலாகாது. வங்காலையில் 1985 ஜனவரியில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஜூனில் அதே ஊரில் சிறு பிள்ளைகள் இருவர் உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் படுகொலை செய்யப்பட்டனர். அதன்பின் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். 2008ஆம் ஆண்டிலோ மன்னார் மாவட்டமே போர்முனையாக இருந்தது. அவ்வேளையில் வரையப்பட்ட ஓர் எல்லைக்கோட்டுக்கு யார் வந்து ஆட்சேபனை தெரிவித்திருக்க முடியும்?

சரணாலயம் என்னும் வகைப்பாட்டுக்குள் தனியார் காணி இருப்பதற்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே வங்காலையில் இச்சிக்கல் ஒப்பீட்டளவில் மென்மையானதே. தெற்கே முசலிப் பிரதேசத்தில்தான் அது வீடுகளின் வாசல் வரை வந்து நிற்கின்றது.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். மன்னார் மாவட்டத்தவருள் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி ஆகிய ஊர்கள் ஆளின்றிப் போயின. இருபது ஆண்டுகள் ஒரு காணியை எவரும் வெட்டித் துப்புரவாக்காவிட்டால் அங்கே என்ன வளரும் என்பது வன்னி மண்ணை அறிந்த எவருக்கும் தெரியும். முற்றத்தில் முட்புதர் எழும். பிறகு பாலையும் வீரையும் முளைக்கும். கிணற்றுக் கட்டுக்குள் வேர் இறங்கும். 2009இல் போர் முடிந்து மக்கள் மெல்லத் திரும்பத் தொடங்கிய வேளையில், 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி வெளியான வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த நிலப்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தது. கொழும்பிலிருந்து நோக்கியவர்களுக்கு அது காடு. திரும்பி வந்தவர்களுக்கு அது வாப்பாவின் வளவு.

அதன் பின்னர் நடந்தவை நாடறிந்தவை. மீள்குடியேற்றத்துக்கென அக்காட்டின் ஒரு பகுதி துப்புரவாக்கப்பட்டு வீடுகள் எழுந்தன. 2015இல் 'வில்பத்து அழிக்கப்படுகின்றது' என்ற கூக்குரல் தென்னிலங்கை எங்கும் கிளம்பியது. முசலிக் கிராமங்கள் வில்பத்து தேசிய பூங்காவின் வட எல்லைக்கு அப்பால் உள்ளவை என்ற எளிய புவியியல் உண்மை அந்த இரைச்சலில் எடுபடவில்லை. 2017 மார்ச்சில், ரஷ்யாவுக்குச் சென்றிருந்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பல வனப்பகுதிகளை ஒன்றிணைத்துச் சுமார் 40,000 ஹெக்டேயர் பரப்பை மாவில்லு வன ஒதுக்கமாக்கும் பிரகடனத்தில் மொஸ்கோவில் வைத்தே கையொப்பமிட்டார். மறிச்சுக்கட்டி மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வெயிலில் அமர்ந்து போராடினர். தமது ஊரின் எல்லை மொஸ்கோவில் முடிவாகும் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வன ஒதுக்கத்தினுள் மேற்கொள்ளப்பட்ட துப்புரவாக்கல் சட்டத்துக்கு முரணானது என்று கண்ட நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்குப் பயன்பட்ட பரப்புக்கு ஈடான பரப்பில் மரம் நடுகையை மேற்கொள்ளுமாறும், அதன் செலவை முன்னாள் அமைச்சர் ரிசாட் பதியுதீன் ஏற்கவேண்டும் என்றும் பணித்தது. தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் மனம் நொந்தவர்களும் அதை ஒரு மனிதரின் வெற்றி தோல்வியாகவே பார்த்தனர். எமக்கோ அதில் தெரிவது வேறு. இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தன் வளவைக் காட்டி, 'இது எங்களுடையது, இங்கே வீடு கட்ட விலக்களியுங்கள்' என்று நேரே மனுச் செய்து, ஆவணங்களை வைத்து வாதாடி, ஆமென்றோ இல்லையென்றோ எழுத்தில் பதில் பெறுவதற்கு எளிதில் எட்டக்கூடிய வழி எதுவும் இருக்கவில்லை. ஆதலால் மக்கள் அமைச்சரிடம் போனார்கள். அமைச்சரின் செல்வாக்கால் கிடைத்தது நீதிமன்றப் படியேறியபோது ஆட்டங்கண்டது. இதில் எம்மவர் மீதும் தவறுண்டு. உண்மையில் அவ்வூரவர் யார், புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டவர் யார் என்ற கணக்கை வெளிப்படையாக வைத்திருந்தால், திட்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்ற பழிச்சொல்லுக்கு இடமிருந்திராது.

மேலைநாடுகளின் பல நகரங்களில் நிலப்பயன்பாட்டு வலய விதிக்கு மாறாக ஒருவர் வீடு கட்ட விரும்பினால், உள்ளூர்ச் சபையிடம் விதிவிலக்குக் கோருகிறார். அயலவருக்கு அறிவித்தல் போகின்றது. பகிரங்க அமர்வில் எதிர்ப்போரும் ஆதரிப்போரும் பேசுகின்றனர். சபை காரணங் கூறித் தீர்மானிக்கின்றது. அங்கும் பணபலம் புகுந்து விளையாடுவதுண்டு என்பதை நாம் அறிவோம். ஆனால் மனுதாரருக்குப் போய் நிற்க ஓர் இடமாவது இருக்கின்றது.

இங்கு விதிவிலக்கே வழங்கப்படுவதில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம் 2016 மார்ச்சில் 29,180 ஹெக்டேயர் பரப்பில் பிரகடனமாயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 2024 மே மாதத்தில், அதில் 168 ஹெக்டேயர் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக ஒதுக்கத்திலிருந்து விடுவிக்கப்படுவதாக வர்த்தமானி வந்தது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. இறாலுக்காகக் கோடு வளையக்கூடுமாயின், 1990இன் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒரு குடும்பத்துக்காக அது ஏன் வளையாது என்ற கேள்வியை எழுப்ப எமக்கு உரிமையுண்டு.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமே என்று தமிழ் வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அதே முசலியில் கத்தோலிக்கத் தமிழரின் முள்ளிக்குளம் 2007இல் வெறுமையாக்கப்பட்டுக் கடற்படைத் தளமாயிற்று. மக்கள் அருகிலுள்ள மலங்காட்டில் கூடாரமடித்துக் காத்திருந்து, 2017இல் வீதிக்கு இறங்கிய பின்னரே 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியோ, வடக்கில் 5,941 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடில் அது அரச காணியாகும் என்றது. உறுதி தொலைந்தவருக்கும், தமிழகத்து முகாமில் இருப்பவருக்கும், கனடாவில் இருப்பவருக்கும் அதே மூன்று மாதங்கள்தாம். கடும் எதிர்ப்பின் பின்னரே அரசாங்கம் பின்வாங்கியது. 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தமிழர் தரப்பில் உரத்த குரல் எழவில்லை. முள்ளிக்குளத்தவர் வீதியில் இருந்தபோது முஸ்லிம் அரசியல்வாதிகளின் ஆதரவும் அளந்தே வந்தது. கோடு போடுகின்றவர்களுக்கு இந்த இடைவெளி மிக வசதியானது.

காட்டைக் காப்பவர்களின் அக்கறையை நாம் இழிவாகப் பேச மாட்டோம். யானை வழித்தடமும் குளத்து நீரேந்து பகுதியும் அழிந்தால் முதலில் வரளப்போவது முசலி விவசாயியின் வயலே. ஆதலால், எல்லாக் கோடுகளையும் அழிக்குமாறு நாம் கேட்கவில்லை. 1990க்கு முன் குடியிருப்பாயிருந்த நிலம் எது, அதற்கு அப்பால் மெய்யாகவே காடாயிருந்த நிலம் எது என்பதை நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் கொண்டு பிரித்தறிவது இயலாத காரியமன்று. பள்ளிவாசல், கோவில், பாடசாலைப் பதிவேடுகள் உள்ளன. தூர்ந்த கிணறுகளும் மையவாடிகளும் இன்னும் சாட்சி சொல்கின்றன.

2023 மார்ச்சில் கலைந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, முசலிக்கும் நானாட்டானுக்கும் மக்கள் தெரிந்த பிரதேச சபைகள் மீண்டும் அமைந்துள்ளன. வனத்தின் மீது அவற்றுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மக்களின் உரிமைக் கோரிக்கைகளைப் பகிரங்க அமர்வில் கேட்டு, ஒவ்வொன்றாகப் பதிந்து, ஆதாரங்களை இணைத்து, பிரதேச செயலாளர் ஊடாக வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்பிவைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அமர்வில் வனத் திணைக்கள அதிகாரியும் சூழலியலாளரும் இருக்கட்டும். வங்காலையாரும் மறிச்சுக்கட்டியாரும் ஒரே வாங்கில் அமரட்டும். முதற் கூட்டத்துக்குத் திகதி குறிக்க வேண்டியவர்கள் தவிசாளர்கள்.